பதில் கிடைக்காமலும் ஆலயத்துக்குப் போன அக்கா

அக்கா எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அவர் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்கும் ஆண்டவருக்கும் இடையே இருந்த வழக்கு எல்லாருக்கும் தெரியாது. அதைத்தான் தம்பியாகிய நான் எழுத நினைக்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய சந்து ஒன்றில் அக்கா பிறந்தார். அப்பா சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டினார். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காலமானார். பன்னிரண்டு வயது அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குக் கூட்டிப்போவார். பிரசங்கத்தின் நடுவே நான் தூங்கினால் தொடையில் கிள்ளுவார். இன்று நான் தி.நகரில் தமிழாசிரியனாக இருக்கிறேன் என்றால், அது அவர் விட்ட படிப்பு.

பெயின்ட் அடிக்கும் வேலை செய்த மாமாவை மணந்து, அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதிக்கு அக்கா குடிபோனார். மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. மகள் ஸ்டெல்லா பிறந்தாள். பெரிய குறை ஒன்றும் இல்லாமல் சில வருடங்கள் போயின.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. விடியற்காலையில் ஆறு வீட்டுக்குள் புகுந்தது. மாமா, அக்காவையும் ஸ்டெல்லாவையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பக்கத்து வீட்டில் தையல்காரர் கன்னியப்பன் தனியாக இருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களாலும் நடக்க முடியாதவர். "கன்னியப்பன் எப்டி வருவான்? தூக்கினு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு மாமா தண்ணீரில் இறங்கினார். மூன்றாம் நாள் பாலத்தடியில் அவர் உடல் கிடைத்தது.

அன்று மாலைதான் இன்னொன்றும் தெரிந்தது. மாமா போவதற்கு முன்பே மீனவர்கள் படகில் வந்து கன்னியப்பனை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாமா நீந்திப் போனது ஆளில்லாத வீட்டுக்கு.

அடக்கம் முடிந்த பிறகு அக்காவிடம் நான் பேசிய பேச்சு இன்றும் என்னைச் சுடுகிறது.

"இன்னாத்துக்குக்கா இன்னும் சிலுவைய புட்ச்சிக்கினு கீற? ஆள் ஏற்கெனவே போய்ட்டான்னு உன் சாமி மாமா காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா என்னைத் திட்டவில்லை. "நானும் அதான்டா கேட்டுக்கினே கீறேன். பதில் சொல்லல" என்றார்.

"அப்புறம் எதுக்குப் போற?"

"பதில் சொல்லலன்னா பேச்ச வுட்ருவனா? போய்க் கேக்க எனக்கு வேற யாரு கீறாங்க?"

அந்த ஞாயிறு யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

ஆறுதல் சொல்ல வந்த போதகரிடமும் அக்கா அதே கேள்வியைக் கேட்டார். அவர், "தெரியலையேம்மா" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "தெரிஞ்ச மாதிரி பேசாம போனாரே, நல்ல மனுசன்" என்றார் அக்கா. ஆனாலும் பல மாதங்கள் ஆலயத்தில் அக்கா வாய் திறந்து பாடவில்லை என்று ஸ்டெல்லா சொல்வாள். எல்லாரும் எழுந்து பாடும்போது அக்காவும் எழுந்து நிற்பாராம். அவ்வளவுதான்.

கன்னியப்பன் நிவாரண முகாமில் அக்காவின் கண்ணில் படாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அக்காதான் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். "என்னால தான தங்கச்சி..." என்று அவர் தேம்பினார். "நீ உயிரோட கீறியே, அது போதும்ண்ணா. துன்னு" என்று சொல்லி, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெளியே போய்விட்டேன்.

அடுத்த வருடம் குடிசைகளை எடுத்துவிட்டு எல்லாரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அடையாறு ஆலயத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அக்கா ஒரு ஞாயிறும் விட்டதில்லை. கீழ்த்தளத்தில் இருந்த கன்னியப்பனுக்குத் தினமும் சாப்பாடு போனது. ஸ்டெல்லாவைச் செவிலியர் படிப்பு படிக்க வைத்தார். எப்போது மறுபடி பாட ஆரம்பித்தார் என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தார்.

பிறகு கருப்பையில் புற்றுநோய். படியிறங்க முடியாமல் போனபோதுதான் ஆலயம் போவது நின்றது. அதற்காக அழுத அளவுக்கு அவர் நோய்க்காக அழவில்லை.

கடைசி வாரம் ஒரு மதியம் நான் பக்கத்தில் இருந்தேன். "மாமா விஷயத்துல உனக்குப் பதில் வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லடா. நேர்ல போய்க் கேட்டுக்கறேன்" என்று சிரித்தார். சிரித்ததில் வலி கூடிவிட்டது. கொஞ்சம் அடங்கியதும், "ஜெபம் பண்ணுடா" என்றார்.

"எனக்கு வராதுக்கா. உனக்கே தெரியும்."

"வரலன்னு அவருகிட்டயே சொல்லு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்கு ஜெபம் வரவில்லை. அக்காவுக்கு ரொம்ப வலிக்கிறது" என்றேன். அக்கா "ஆமென்" என்றார். மூன்றாம் நாள் காலை, ஸ்டெல்லா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அக்காவின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வாரந்தோறும் இரண்டு பேருந்து மாறி வந்து திருவிருந்து கொடுத்த போதகருக்கும், மயிலாப்பூரிலிருந்து தேடி வந்து பார்த்த வீட்டம்மாக்களுக்கும், சவப்பெட்டிக்குள் விரிக்க வெள்ளைத் துணியைத் தன் கையால் தைத்துத் தந்த கன்னியப்பன் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. அக்காவுக்காக நீங்கள் எல்லாரும் ஜெபித்தீர்கள். இனி எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.