அந்தத் தண்ணி எங்குட்டுப் போகும்?

நேமத்தான்பட்டிப் பக்கத்தில் கோட்டைச்சாமி வருகிறார் என்றால் வயல்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். ஊர்க் கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. யாராவது வரப்பை வெட்டினால் போதும், "வெட்டுறது சரி, அந்தத் தண்ணி எங்குட்டுப் போகும்?" என்று மல்லுக்கு நிற்பார். பதில் வராமல் மனிதர் நகரமாட்டார்.

போன ஆடியில் அவருடைய ஒரே மகள் துர்காதேவி, எட்டு வயது, தினமும் காலையில் தலைவலி என்று அழுது வாந்தி எடுத்தாள். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். பார்வைக் கோளாறு என்று கண்ணாடி மாட்டினார்கள். நடை தள்ளாடிய பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்குள் ஒரு கட்டி வழியை மறித்து, அங்கே ஊறுகிற நீர் வடிய முடியாமல் தேங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

"மொதல்ல தண்ணிய வடிய வைக்கணும். கட்டிய அப்புறம் எடுத்துக்கலாம்," என்றார் டாக்டர் சௌபர்ணிகா. "மண்டையப் பெருசா திறக்க வேணாம். சின்னதா ஒரு ஓட்டை. அது வழியா பேனா அளவு குழாய்ல கேமராவ விட்டு, உள்ளயே வேற வழி திறந்துவிடுவோம்."

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடக் குனிந்த கோட்டைச்சாமி நிமிர்ந்துவிட்டார். "தொறக்குறீக, சரி. அந்தத் தண்ணி எங்குட்டுப் போகும்? போக்கில்லாமத் தொறந்தா இன்னொரு பக்கம் முங்கிருமேம்மா?"

மனைவி முத்தழகுக்குப் பொறுக்கவில்லை. "அட கடவுளே, இங்கயும் ஆரம்பிச்சிட்டீகளா? இது என்ன கண்மாயா? புள்ள தொவண்டு கெடக்கா, கையெழுத்தப் போடுங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு தாளை இழுத்துப் படம் போட்டார். "மூளையச் சுத்தி எடம் இருக்குங்கய்யா. அங்க போயி, கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல சேந்துரும். எல்லாருக்கும் அப்படித்தான். உங்களுக்கும்."

"எனக்குமா?" தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்பச் சரி." குனிந்து கையெழுத்தைப் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் துர்கா எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள். பத்து நாள் கழித்துக் கட்டியையும் எடுத்தார்கள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: சில பிள்ளைகளுக்கு அந்த வழி திரும்ப அடைபடலாம், தலைவலி வாந்தி என்றால் உடனே வந்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து விடிந்ததும் கோட்டைச்சாமிக்கு ஒரே கேள்விதான்.

"தல வலிக்குதா தாயி?"

"இல்லப்பா."

அதைக் கேட்ட பிறகுதான் தொண்டையில் டீ இறங்கும்.

தை பிறந்தது. கடைசித் தண்ணி பாய்ச்சுகிற அவசரம். ஒரு நாள் காலையில் வண்டியை உதைத்துத் தெருமுனை வரை போய்விட்டார். பின்னால் பள்ளிக்கூடப் பையோடு மகள் ஓடி வந்தாள்.

"யப்பா! இன்னைக்கி நீ கேக்கவே இல்ல!"

கோட்டைச்சாமி வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

"ஆத்தாடி, மறந்தே போச்சு தாயி," என்றார். இத்தனை மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாக மறந்திருந்தார்.