ஆட்டத்துக்குப் பழகிய குங்குமம்

மகளைத் தொட்டிலில் ஆட்டும்போது, கொஞ்சம் அதிகமாக ஆட்டிவிட்டேனோ என்று கையை நிறுத்திக்கொள்வேன். உடனே அத்தையின் நிச்சயதார்த்தக் குங்குமம் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளில், மைசூரில் நடந்தது. அதற்கு முன் அத்தையைப் பலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு சம்பந்தம் நிச்சயம்வரை வந்து, தட்டு மாற்றும்போது எங்கள் தட்டுக் குங்குமம் சரிந்ததால் சகுனம் சரியில்லை என்று முறிந்துபோனது. எங்கள் வழக்கத்தில் தாம்பாளம் சட்டென்று கைமாறாது. இரு வீட்டாரும் முன்னும் பின்னுமாக இழுத்துக் கொடுத்த பிறகுதான் மாறும். இம்முறை குங்குமத்துக்குத் தானே பொறுப்பு என்றார் சித்தப்பா. அதனாலேயே வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிவந்த குங்குமத்தை அம்மா கோபுரமாகக் குவித்தாள். சித்தப்பா தட்டைத் தூக்கி இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். உச்சி சரிந்தது. நான் அழுதேவிட்டேன்.

“ஏங்க, உங்க தம்பி பண்றதப் பாருங்க!” என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள்.

“சும்மா இருங்க அண்ணி. புட்டி, நீ பாரு” என்றார் சித்தப்பா. மைசூர்ப் பக்கம் சின்னப் பெண்ணைப் புட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆட்ட ஆட்டச் சரிவது குறைந்தது. பிறகு குவியல் லேசாக அசைந்து பழைய இடத்துக்கே திரும்பியது. ஒரு துகள்கூட உருளவில்லை.

“இவ்ளோ ஆட்டத்துக்குப் பழகிடுச்சு. இதுக்கு மேல போனா சரிஞ்சதுதான், திரும்பாது” என்றார் சித்தப்பா.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கள் தட்டைப் பார்த்து, “இதென்ன, குங்குமமா எறும்புப் புத்தா?” என்றார். அவர்கள் தட்டில் கூர்மையான கோபுரம் நின்றது.

தட்டுகள் போயின, வந்தன. எங்கள் குவியல் அசைந்து அசைந்து அப்படியே நின்றது. அவர்களுடைய கோபுரம் இடிந்து வெற்றிலையெல்லாம் சிவப்பானது. எல்லாரும் அந்த வெற்றிலையையே பார்த்தார்கள்.

“பாத்தீங்களா, உங்க குங்குமத்துக்கு எங்க வீட்டுக்கு வர என்ன அவசரம்!” என்றார் சித்தப்பா.

முதலில் சிரித்தவர் அந்தப் பெரியம்மாதான். தட்டு மாறியது. நிச்சயமானது.

நான் உள்ளே ஓடி, “நம்மது சரியவே இல்ல அத்தை!” என்று குதித்தேன். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மினாள். என் பட்டுப்பாவாடைச் சட்டையின் தோள் நனைந்தது. எத்தனை பேர் வந்து போனாலும், காபித் தட்டோடு அதே முகமாகச் சமையலறைக்குத் திரும்பியவள், ஜெயித்த நாளில் ஏன் அழுகிறாள் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.