மூன்று காருக்கும் ஒரே வரம்பு

அவரை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, நோயாளிகளை அவரவர் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியவர். கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது. கூட இரண்டு நர்ஸ்கள். ஆளுக்கொரு கார், மூன்றும் லீஸ், மாதத் தொகை கட்டி வருடக் கணக்கில் வாடகைக்கு எடுத்தவை.

மூன்றின் கெடுவும் வெவ்வேறு மாதங்களில் முடிந்தது. முதலில் முடிந்த இரண்டையும் மாதாமாதம் நீட்டித்து, மூன்றாவதும் முடியும்வரை சிஸ்டர் பொறுத்திருந்தார். மூன்றையும் சேர்த்துப் பேசினால்தான் எதிராளி காது கொடுப்பான் என்று அவருக்குத் தோன்றியது.

துணைக்கு ஓரகத்தி வந்தாள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். “நான் வாயே திறக்கமாட்டேன் அக்கா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

லீஸ் கம்பெனி மேலாளர் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, அச்சடித்த தாளை நீட்டினார். “உங்களுக்குன்னு ஸ்பெஷல் ரேட் மேடம்.”

சிஸ்டர் பேனா முனையை வரிவரியாக நகர்த்திப் படித்தார். “ஒரு கார் எடுக்கறவங்களுக்கும் இதே ரேட்தானே? மூணால பெருக்கியிருக்கீங்க, அவ்வளவுதான்.”

“மாசத் தொகையில கைவைக்க முடியாது மேடம். மேலே ஒத்துக்கமாட்டாங்க.”

“சரி, அதை விடுங்க. கிலோமீட்டரைப் பேசுவோம்.”

லீஸ் முடிவதற்குள் ஒவ்வொரு காரும் இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம் என்று வரம்பு உண்டு. போனமுறை நகரத்தின் கோடிக்குப் போய்வந்த நர்ஸின் கார் வரம்பைத் தாண்டியது, அதற்கு அபராதம். சிஸ்டரின் காரில் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடாமலே மிஞ்சியது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. “தனித்தனி வரம்பு வேணாம். மூணுக்கும் சேர்த்து ஒண்ணாப் போடுங்க” என்றார்.

“அப்படி வழக்கமில்லையே.”

ஓரகத்திக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? பக்கத்துத் தெரு கம்பெனியில கொடுக்கறாங்களே!”

மேலாளர் நிமிர்ந்தார். “எந்தக் கம்பெனி?”

ஓரகத்தி விழித்தாள்.

“அப்படி யாரும் சொல்லலை” என்றார் சிஸ்டர். “நான் இன்னும் வேற எங்கேயும் கேட்கலை. நாளைக்குத்தான் போகணும்.”

மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் கை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஓரகத்தி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். ஒரே வரம்பு, சரி. கார் பழுதுபார்க்கப் போனால் மாற்றுக் கார், அதுவும் சரி. ஆனால் மூன்று வருடத்துக்குப் பதில் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டும்.

“மூணுதான்” என்றார் சிஸ்டர். மேலாளர் பெருமூச்சு விட்டுத் தாளைத் திருத்தினார். மாதத் தொகை மட்டும் இறங்கவேயில்லை.

தெருவுக்கு வந்ததும், “என்னை இப்படிக் கவுத்துட்டீங்களே அக்கா” என்றாள் ஓரகத்தி.

“எந்தக் கம்பெனின்னு அவர் கேட்டாரே, நீ என்ன சொல்லியிருப்பே?”

சிஸ்டருக்குக் கோபமில்லை, பன்னிரண்டு மணிக்கு ஒரு வீட்டில் ஊசி போடவேண்டியிருந்தது, அந்த நினைப்பில் நடந்தார்.

மூன்று வருடம் கழித்துக் கார்களைத் திருப்பிக் கொடுத்தபோது, மூன்றும் சேர்ந்து ஓடிய தூரம் வரம்புக்கு நானூறு கிலோமீட்டர் உள்ளேயே நின்றது. அதற்குள் சிஸ்டரிடம் நர்ஸ்கள் நான்கு பேராகியிருந்தார்கள். இந்தத் தடவை ஐந்து கார் வேண்டும் என்று கேட்டார். கையோடு வேறு இரண்டு கம்பெனிகளின் விலைத்தாளும் வாங்கி வந்திருந்தார்.