உட்கார்ந்து செய்யும் வேலை

யார் வாசலில் வந்து நின்றாலும் முனியம்மாள் அக்கா வலது கையைக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, "இப்பதான் தின்னேன். நீங்க தின்னாச்சுங்களா?" என்பார். கம்பைநல்லூர் பக்கத்தில் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு அவருடையது. பள்ளிக்குப் போன நாளிலிருந்து அந்த ஈரக் கையைப் பார்த்திருக்கிறேன். குழம்பு கொதிக்கும் வாசம் அந்த வீட்டிலிருந்து வந்தது மட்டும் அபூர்வம்.

அவருக்குப் புளி தட்டும் வேலை. மண்டியிலிருந்து மூட்டையாக வரும் புளியை ஓடு உடைத்து, நார் உரித்து, இரும்புச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். விடிந்ததும் உட்காருவார்; வெளிச்சம் போகும்வரை தட்டுவார். கணவர் இறந்து பதினோரு வருடம். ஒரே மகன் கதிரவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். என் அம்மாவும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

நான் படித்தது ஊட்டச்சத்தியல். கடைசி வருடம், போன மாசியில், எங்கள் ஊரிலேயே ஆய்வு செய்தேன். புளி தட்டும் நாற்பது பெண்கள் ஒரு நாளில் என்ன உண்கிறார்கள் என்று கேட்டு எழுதி, அட்டவணை சொல்லும் கலோரித் தேவையோடு ஒப்பிட வேண்டும். தேவையில் எண்பது சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் ரத்தப் பரிசோதனை செய்து, ஆறு மாதம் சத்துமாவும் மாத்திரையும் தரும். பட்டியல் போடுவது நான்.

"எம்பேரும் வருமா கண்ணு?" என்று அக்கா முதல் நாளே கேட்டார். "தூரம் வந்தா பத்து நாளானாலும் நிக்க மாட்டேங்குது. நாலடி நடந்தா கண்ணு இருட்டிக்கினு வருது."

"கண்டிப்பா வரும்க்கா" என்றேன்.

மறுநாள் தராசோடு போனேன். அடுப்பில் சட்டி நிறையக் களி.

"நேத்து என்னக்கா சாப்ட்டீங்க?"

"காலைல களி, மத்தியானம் களி, ராத்திரி சோறு, பருப்புக் கொழம்பு. எனக்கென்ன கொறச்சல்?" ஓர் உருண்டையை எடுத்துத் தராசில் வைத்தார். "இத்தாம்பெருசு தின்னேன். ஏங்கண்ணு, காலேஜுல களிய நிறுத்துப் பாக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? தின்னவள நிறுத்துப் பாக்க மாட்டீங்களா?"

சிரித்தேன். அவர் கை ஈரமாக இருந்தது. சொன்னதை எழுதிக்கொண்டேன்.

கணக்குப் போட்டால் ஆயிரத்து நானூற்று எண்பது கலோரி வந்தது. லேசான உழைப்புள்ள பெண்ணுக்குத் தேவை ஆயிரத்து அறுநூற்று அறுபது; நடுத்தர உழைப்புக்கு இரண்டாயிரத்து நூற்று முப்பது. முதல் கட்டத்தில் வைத்தால் எண்பத்தொன்பது சதவீதம்; அக்காவுக்குப் போதுமானது. இரண்டாவதில் வைத்தால் எழுபது சதவீதம்கூட இல்லை.

"உட்கார்ந்துதானே செய்றாங்க? அப்போ லேசான உழைப்பு" என்றார் என் வழிகாட்டி ஆசிரியை.

பள்ளி விடுமுறைகளில் நானும் புளி தட்டியிருக்கிறேன். சாயங்காலம் தலை சீவக் கையைத் தூக்க முடியாது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். மதிப்பெண் பயமா, அல்லது என் அம்மாவும் நானும் செய்த வேலையை அந்த அறையில் சொல்லக் கூச்சமா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. தலையாட்டினேன். நாற்பது பேரையும் முதல் கட்டத்தில் போட்டேன். பதினொரு பேர் பட்டியலில் வந்தார்கள். அக்கா வரவில்லை.

"உங்களுக்குச் சத்து போதுமாம்க்கா."

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சா? அப்ப எனக்குத்தான் சோம்பேறித்தனம் போல" என்று சுத்தியை எடுத்தார்.

ஆடியில் புளி மூட்டைமேல் சாய்ந்தவர் எழவில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் நாலுகூட இல்லை என்றார்கள். மறுநாள் இறந்துபோனார். நாற்பத்து நான்கு வயது. என் ஆய்வுக்கு முதல் வகுப்பு கிடைத்திருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் ஆய்வேட்டைப் பிரித்து, அக்காவின் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சட்டி நிறையக் களி இருந்துச்சும்மா. நானே நிறுத்தேன்."

அம்மா தட்டுவதை நிறுத்தினார். "நீ தராசோட போன அன்னிக்கா? விடியக்காத்தால வந்து ரெண்டு படி மாவு வாங்கிக்கினு போனா. 'யுவராணி வருது, வெறுஞ்சட்டியப் பாத்தா எம்மவன் கஞ்சி ஊத்தலன்னு எழுதிப்புடும். அடுத்த வாரம் தந்துடறேன்'னா."

எங்கள் வீட்டு மாவை நிறுத்துத்தான் அவர் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன்.

"தந்தாங்களாம்மா?"

"எங்க தந்தா?" என்றார் அம்மா.