ஃபர்ஸ்ட் பேஸில் கிடந்த கிளவுஸ்

இன்னொருத்தியின் வியர்வை காயாத கிளவுஸுக்குள் கையை விட்டால் ஒரு சில்லிப்பு வரும் பாருங்கள்... சீ என்றிருக்கும். அடுத்த பந்து வந்ததும் மறந்துபோகும்.

எங்கள் காலேஜ் சாஃப்ட்பால் டீமின் வசதி அவ்வளவுதான். மேட்ச் ஆடும் இரண்டு காலேஜுக்கும் சேர்த்து ஒரே செட் கிளவுஸ். ஃபீல்டிங் முடிந்தால் நின்ற இடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு பேட்டிங்குக்கு ஓட வேண்டும். எதிர் டீம் வந்து எடுத்து மாட்டிக்கொள்ளும். யாரும் முகம் சுளித்ததில்லை.

எனக்கு மட்டும் அதிலும் ஒரு தலைவலி. பந்து எறியாத கையில்தான் கிளவுஸ் மாட்ட வேண்டும். நான் இடக்கைக்காரி, எனக்கு வேண்டியது வலது கை கிளவுஸ். செட்டில் இருந்ததெல்லாம் இடது கைக்கானவை. அதையே வலது கையில் மாட்டி, கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரலைத் திணித்து... மூன்று வருஷம் ஓட்டினேன்.

ஃபைனல் இயர். அடையாறில் ஒரு கிரவுண்டு. அந்த மேட்ச்சைப் பார்த்துத்தான் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஃபர்ஸ்ட் பேஸில் நின்று பந்து பிடிக்க ஒரே ஒரு இடம். போட்டி எனக்கும் எதிர் டீம் ஷமீமுக்கும். ராயப்பேட்டைக்காரி, அவளும் இடக்கை. ஆனால் அவளிடம் சொந்தமாக ஒரு வலது கை கிளவுஸ் இருந்தது. ஃபீல்டிங் முடிந்ததும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு வயிறு எரியும்.

அன்றைக்கு என் கைக்கு வந்த இரண்டு பந்துகள் பிதுங்கி வெளியே விழுந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை நாங்கள் ஃபீல்டிங்குக்கு இறங்கியபோது பேஸ் பக்கத்தில் ஷமீமின் கிளவுஸ் கிடந்தது. மறந்துவிட்டாளோ என்று கூப்பிட்டேன்.

"ஏய், உன் கிளவுஸ் இங்கயே கிடக்கு பாரு!"

"தெரியும்மா... மாட்டிக்கினு ஆடு."

அவர்களுடைய பி.டி. மேடம் கத்தியது கிரவுண்டு முழுக்கக் கேட்டது. "அறிவிருக்காடி உனக்கு? உன் இடத்துக்கு வர்றவ அவ!"

"கிளவுஸு இல்லாதவள ஜெயிச்சு அதுல இன்னா கெத்து மேடம்?"

அதற்கப்புறம் நான் ஒரு பந்தையும் விடவில்லை. கடைசியில் ஷமீமே அடித்தது, நெஞ்சுக்கு நேராக வந்தது... பிடித்தேன். மேட்ச் முடிந்து லிஸ்ட் படித்தார்கள். என் பேர் இருந்தது. ஷமீம் ஸ்டாண்ட்-பை.

அது யாருடைய கிளவுஸ் என்று செலக்டர்களிடம் நான் வாயே திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் உறுத்துகிறது. திருப்பிக் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை.

இப்போது என் மகள் கொட்டிவாக்கத்தில் சாஃப்ட்பால் கோச்சிங் போகிறாள். அவளும் இடக்கை. ஒவ்வொரு குழந்தைக்கும் வீல் வைத்த கிட் பேக், பேர் எழுதிய கிளவுஸ். அடுத்தவள் கிளவுஸை யாரும் தொடுவதில்லை. நல்லதுதான், சுத்தம்.

போன வாரம் அவளுக்குப் புதுசு வாங்கப் போனவள் இரண்டாக வாங்கி வந்தேன். ஒன்றில் பேர் எழுதவில்லை. இடக்கைக்காரி யாராவது கிளவுஸ் இல்லாமல் வந்தால் அவளுக்குக் கொடு என்றேன்.

"அவ நல்லா ஆடி என் இடத்தைப் புடிச்சிட்டா?"

"புடிச்சா... ஆயுசுக்கும் உன்னை மறக்க மாட்டாடி."