மூலையில் ஒட்டிய காந்தம்

பத்ரிநாத்துக்கு ஒருவனிடம் ஏமாந்தோம் என்று தெரிந்துவிட்டால் மூன்று நாள் சோறு இறங்காது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் தர ஆய்வாளராக இருந்தவர். அவர் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்தால் லேத் மெஷினில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். 'ரிஜெக்ட்' என்று சிவப்பு மையால் எழுதுவதில் அவருக்கு ஒரு தனி ருசி உண்டு. ஓய்வுபெற்று ஏழு வருஷமாகியும் கை அடங்கவில்லை. மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒவ்வொன்றாக ஒடிப்பார். பால் பாக்கெட்டைத் தராசில் வைப்பார்.

பன்னேர்கட்டா சாலைப் பக்கம், இருநூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள குடியிருப்பில் அவர்கள் வீடு. போன வருஷம் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அலமாரி, மேடைக்கல், ஓடு எல்லாவற்றையும் மனைவி ருக்மிணியின் இஷ்டத்துக்கு விட்ட பத்ரிநாத், சிங்க் விஷயத்தில் மட்டும் குறுக்கே வந்து நின்றார்.

ருக்மிணிக்குக் கறுப்பு குவார்ட்ஸ் சிங்க் ஒன்று பிடித்திருந்தது.

"கரிச்சட்டி மாதிரி இருக்கு. அதுல அழுக்கு இருந்தா தெரியுமோ?"

"அப்போ வெள்ளைப் பீங்கான்?"

"குக்கர் கைதவறி விழுந்தா அன்னியோட சரி. ஸ்டீல்தான். அதுலயும் த்ரீ நாட் ஃபோர்."

நிக்கல் கூடுதலாகச் சேர்ந்த, லேசில் துருப்பிடிக்காத எஃகுக்குத்தான் அந்தப் பெயர். அதே பளபளப்பில் டூ நாட் டூ என்று ஒரு மட்ட ரகமும் உண்டு. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்லது என்று ஒரு வீடியோவில் யாரோ சொல்ல, பத்ரிநாத் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆடுகோடிப் பகுதியில் சிங்க், குழாய் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் நல்ல கூட்டம். கவுண்டரில் கோவிந்தன் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஜீவனஹள்ளிக்காரர், மெதுவான பேச்சு. ஆழமான சிங்க் ஒன்றை எடுத்துவைத்து, "இது அசல் த்ரீ நாட் ஃபோர் சார்" என்றார். பத்ரிநாத் காந்தத்தை உள்ளே ஓட்டினார். நடுவில் வழுக்கிப் போன காந்தம் மூலையில் மெல்ல ஒட்டிக்கொண்டு நின்றது.

"இது என்னய்யா?"

"பிரெஸ்ல வெச்சு அமுக்கி இழுக்கறாங்க இல்ல சார், அதனால மூலைல கொஞ்சம் புடிக்கும். டெஸ்ட் மருந்து இருக்குது. வேணும்னா ஒரு சொட்டு விட்டுக் காட்டறேன்."

"எனக்கே பாடம் எடுக்கறயா? முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான். மட்டத்துமேல ஸ்டிக்கர் ஒட்டி விக்கற திருட்டுத்தனமெல்லாம் என்கிட்ட வேண்டாம்!"

"திருட்டுத்தனம்னு சொல்லாதீங்க சார்."

"திருடனைத் திருடன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?"

குழாய் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். ருக்மிணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி வாசலைப் பார்த்தாள். பத்ரிநாத் கைபேசியை எடுத்து, மூலையில் ஒட்டிய காந்தத்தையும் பக்கத்தில் நின்ற கோவிந்தனையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். அன்று மாலையே அது குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஏறியது: 'இந்தக் கடை, இந்த ஆள். ஜாக்கிரதை.' நாற்பத்தொரு பேர் பதில் போட்டார்கள். எங்கள் கண்ணைத் திறந்தீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்ரிநாத் அதை இரண்டு தடவை படித்தார்.

பிறகு வேறொரு கடையில், தகட்டை மடித்து வெல்டு செய்த சிங்க் ஒன்றை வாங்கினார். எந்த மூலையிலும் காந்தம் ஒட்டவில்லை. மாட்டிய அன்று அதன் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை நடக்கப் போனவர் மழை தூறியதால் பாதியில் திரும்பினார். சமையலறையில் ருக்மிணி சிங்க்கின் மேல் குனிந்து, பாதி எலுமிச்சம்பழத்தால் எதையோ அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். வடிகால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள். வெல்டு ஓரமாக மிளகாய்ப்பொடி தூவினாற்போலத் துரு.

"எத்தனை நாளா இது?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றதுன்னா? அந்தக் கடையில அவ்வளவு பேசிட்டு வந்தேள். உங்களால தாங்க முடியாதுன்னு தோணித்து. நீங்க வாக்கிங் போனப்பறம் தேச்சுடுவேன்."

அவள் விரல் நுனிகள் எலுமிச்சை பட்டு வெளுத்திருந்தன. பத்ரிநாத்துக்கு அதைப் பார்க்கக் கூசியது. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு ஒருத்தி இத்தனை காலைகள் குனிந்து நின்றிருக்கிறாள்.

சேஷகிரிக்குப் போன் போட்டார். அதே தொழிற்சாலையில் உலோகச் சோதனைக்கூடத்தில் இருந்த சிநேகிதர். மறுநாள் அவர் ஒரு சின்ன மருந்துப் புட்டியும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் கொண்டுவந்தார். சிங்க்கில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை வைத்தார். சொட்டு நன்றாகச் சிவந்தது.

"டூ நாட் டூ."

"காந்தம் ஒட்டலையேடா!"

"டூ நாட் டூவுலயும் காந்தம் ஒட்டாதுடா. மடிச்சு வெல்டு பண்ணினதுல எப்படி ஒட்டும்? அமுக்கி இழுத்த த்ரீ நாட் ஃபோர்தான் மூலைல லேசா ஒட்டும். கேண்டீன்ல எவர்சில்வர் டம்ளரை வெச்சுண்டு உனக்குச் சொல்லியிருக்கேனே, மறந்துட்டயா?"

பத்ரிநாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறக்கவில்லை, அதுதான் சங்கடம். அளவு பார்ப்பதுதான் அவர் வேலையாக இருந்தது, உலோகம் பார்ப்பது அல்ல. ஆனாலும் அன்று கோவிந்தன் 'பிரெஸ்ல அமுக்கி' என்று ஆரம்பித்தபோதே, எப்போதோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று உள்ளே ஒரு பொறி தட்டியது. அதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. ஜனங்கள் திரும்பிவிட்டார்கள். இறங்கி வர மனம் வரவில்லை. அந்தப் பொறியைத் தானே காலால் மிதித்து அணைத்ததை இத்தனை மாதமாக அவர் நினைத்துப் பார்க்காமலே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஆடுகோடிக்குத் தனியாகப் போனார். கவுண்டரில் வேறு ஆள். முதலாளி மஞ்சுநாத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"கோவிந்தனா? பின்னாடி கோடவுன்ல இருக்கான். யாரோ போட்டோ போட்டுட்டாங்க சார். வர்ற கஸ்டமரெல்லாம் 'இவன்தானே அவன்'னு கேட்டா நான் என்ன பண்றது? உள்ள அனுப்பிட்டேன். ஆனது ஆச்சு, பிடி சார்" என்றார். கன்னடத்தில் 'பிடி' என்றால் விட்டுத்தள்ளுங்கள்.

கோடவுனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கோவிந்தன் இருந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"வாங்க சார்."

பத்ரிநாத் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "அன்னிக்கு அந்த மேக்னட் விஷயத்துல ஒரு சின்ன கன்ஃப்யூஷன் ஆயிடுத்துப்பா. நீ சொன்னதுதான் கரெக்ட்."

"கன்ஃப்யூஷனா சார்?" கோவிந்தன் குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணு ரூபினி காலேஜ்ல பி.யு.சி. படிக்குது. கூடப் படிக்கிற பொண்ணு போன்ல எம் போட்டோ. கீழ நீங்க எழுதினது. 'இது உங்கப்பாவாடி'ன்னு கேட்டிருக்கு. ரூபினி 'இல்லை'ன்னு சொல்லிட்டு வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து, அப்படிச் சொல்லிட்டேம்பான்னு எங்கிட்டயே அழுவுது. நீங்க திட்டினதைக்கூட மறந்துடலாம் சார். எம் பொண்ணு இல்லைன்னு சொன்னத நான் எங்க போய் மறக்கறது?"

பத்ரிநாத் ஓரடி முன்னால் வந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்கோ" என்றார். அவரையறியாமலே 'ங்கோ' வந்திருந்தது.

"அன்னிக்கு அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்க. இன்னிக்கு இங்க வந்து, அட்டைப்பெட்டிங்களுக்கு எதிர்ல சொல்றீங்க."

கோவிந்தன் பெட்டியொன்றைத் தூக்கி அடுக்கப் போய்விட்டார்.

பத்ரிநாத் கடைக்குள் திரும்பி வந்தார். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தொண்டையைக் கனைத்தார். தமிழில் ஆரம்பித்து, பாதியில் கன்னடத்துக்கு மாறி, மறுபடி தமிழுக்கு வந்து சொல்லி முடித்தார். இந்தக் கடையில் கோவிந்தன் என்பவரைத் திருடன் என்று சொன்னவன் நான்தான். அவர் விற்றது அசல் சரக்கு. அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் கத்தினேன்.

கேட்டவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்போதுதான் உள்ளே வந்த ஒருவர், அவரைக் கடை ஆள் என்று நினைத்து, "ஷவர் எல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கோடவுன் கதவருகே கோவிந்தன் நின்று கேட்டதை பத்ரிநாத் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மஞ்சுநாத்தான் எழுந்து வந்து, "ஓஹோ, நீங்கதானா அது?" என்று ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியதில் 'தகவல் பிழை' என்று இருந்தது. அழித்தார். 'துரதிர்ஷ்டவசமாக' என்று ஒரு வார்த்தை; அதையும் அழித்தார். 'நான் பொய்ப் பழி சுமத்தினேன்' என்று ருக்மிணியிடம் படித்துக் காட்டினார். அவள் தலையசைத்தாள். அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள் என்று கெஞ்சியிருந்தார். மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அடுத்த நிமிஷமே, தண்ணீர் லாரி நாளைக்குத் தாமதமாக வரும் என்று ஒரு செய்தி வந்து இதை மேலே தள்ளிவிட்டது. ரூபினியின் சிநேகிதி வரை அது போயிற்றா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த மாதம் கோவிந்தனை மறுபடி கவுண்டரில் நிறுத்தினார் மஞ்சுநாத். ருக்மிணியே கடைக்குப் போன் செய்து, அன்று பார்த்த அதே சிங்க்கைச் சொன்னாள். அளவெடுக்கக் கோவிந்தனே வந்தார். துருப்பிடித்த சிங்க்கை ஒரு தடவை பார்த்தார். பாத்திரம் எவ்வளவு பெரிசு, குழாய் எந்தப் பக்கம் வேண்டும் என்று எல்லாவற்றையும் ருக்மிணியிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பத்ரிநாத் தானே காபி கலந்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து நின்றார்.

"வேணாம் சார், இப்பத்தான் குடிச்சேன்" என்றார் கோவிந்தன். மரியாதையாகத்தான் சொன்னார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "அம்மா, புதன்கிழமை ஆள் அனுப்பறேன்" என்று படியிறங்கினார்.

பத்ரிநாத் தட்டைப் பிடித்தபடி, லிஃப்ட் கதவு மூடும்வரை வாசலில் நின்றார்.