அண்ணாச்சியைத் தேடிய வழக்கு

திசையன்விளைக் கிட்டங்கியில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கையெழுத்தில் நான் குறை வைத்ததில்லை. பார்ப்பதில்தான் கொஞ்சம் அசமந்தம். ஒருநாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்கள் அவுரி இலை மூட்டைகளுக்குள் செம்மரக் கட்டைகள் அகப்பட்டன. கூடவே சீட்டில் என் கையெழுத்தும், முத்து முத்தாக.

விசாரித்த மத்திய அரசு அதிகாரி வடநாட்டுக்காரர். மொழிபெயர்த்தவர் டெல்லியில் வளர்ந்த தமிழர். மூன்று மணி நேரம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அரசு வக்கீல் என்னையும் என் வக்கீலையும் வரச் சொன்னார். அவர் சென்னைக்காரர். அதிகாரியும் உடன் இருந்தார்.

"நீ சின்ன ஆளு. அப்ரூவரா மாறினா மன்னிப்பு வாங்கித் தரேன். ஆனா அந்த அண்ணாச்சி யாருன்னு சொல்லணும். இல்லன்னா நீயும் ஜெயில்தான்."

"எந்த அண்ணாச்சி?"

ஆங்கிலத்தில் இருந்த என் வாக்குமூலத்தில் அடிக்கோடு போட்ட இடங்களைத் தமிழில் சொல்லிக் காட்டினார். 'லாரி அண்ணாச்சியுடன் வந்தது. அண்ணாச்சிக்காக மூட்டையைப் பிரிக்கவில்லை. அண்ணாச்சிக்காகக் கையெழுத்துப் போட்டேன்.' தனிப்படை களக்காடு வரை போய்த் தேடியதாம். அங்கே தெருவுக்குப் பத்து அண்ணாச்சி கிடைத்தார்களாம்.

என் வக்கீல் காதில் சொன்னார்: "பொய் சொல்லிராதீரும் வே. மன்னிப்பு போயிரும்."

பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். விடியுமுன் ரேடியோவை அலற விடுகிறவர். மனம் வரவில்லை.

"அது இந்த ஆபீசரத்தான்" என்றேன். "லாரி வந்துச்சு அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டேன் அண்ணாச்சின்னு மரியாதையாச் சொன்னேன்."

அரசு வக்கீல் அதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கோப்பை மூடினார். "அப்போ உன்கிட்ட ஒண்ணுமே இல்ல."

நான் அவசரமாகச் சொன்னேன்: "பிரிக்காண்டாம், கையெழுத்த மட்டும் போடுன்னு முதலாளி நாலு தடவ போன்ல சொன்னாரு. என் போன்ல பதிவு கெடக்கு."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேனே. நீங்கதான் அண்ணாச்சியத் தேடுதிய."

கோப்பைத் திறந்தார். மூன்றாம் பக்கத்தில் முதலாளி இருந்தார், அடிக்கோடு இல்லாமல்.

மன்னிப்பு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். நீதிபதியை 'ஐயா' என்று மட்டும் கூப்பிட என் வக்கீல் தினமும் பழக்குகிறார். நாற்பத்தாறு வயதில் வாய், சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை.